நீர்க்கடுப்பும் தீர்த்தக்குடமும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் தயங்கினேன். மூன்று தடவை புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒரு வரிகூட எழுதாமல் மூடி வைத்தேன். சாமி பேரைச் சொல்லிப் போட்ட சுழிக்குக் கீழே மூத்திரத்தைப் பற்றி எழுதுவதா என்ற கூச்சம்தான். கடைசியில் என் வீட்டுக்காரிதான், அந்த உறுப்பையும் அவன்தானே கொடுத்தான், கையையும் காலையும் பற்றி எழுதினால் கூசுவீர்களா என்று கேட்டாள்.  நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரமத்தி வேலூரிலிருந்து காவிரிக் கரையோடு போனால் வருகிற ஊர்களில் ஒன்று என்னுடையது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை வெற்றிலைக் கொடிக்கால் வேலை. அகத்தி மரத்தில் கொடியை ஏற்றிக் கட்டுவது, ஏணி போட்டு வெற்றிலை கிள்ளுவது, வாய்க்கால் தண்ணீரை வாரிப் பாத்திக்கு விடுவது. எங்கள் பக்கம் கொடிக்காலை யாரும் வெறும் தோட்டமாக நினைப்பதில்லை. லட்சுமி குடியிருக்கிற இடம் என்று, செருப்பை வெளியே கழற்றிக் கால் கழுவித்தான் உள்ளே நுழைவோம். உள்ளே எச்சில் துப்பக்கூடாது. ஒன்றுக்குப் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. போயே தீர வேண்டுமென்றால் வெளியே வந்து, வரப்பைத் தாண்டிக் கரும்புக்காட்டுப் பக்கம் போய், திரும்பும்போது கைகால் அலம்பிவிட்டு உள்ளே வரவேண்டும். ஏணியிலிருந்து இறங்கிப் போய் வந்து மறுபடி ஏறினால் கால் மணி நேரம் போய்விடும்.

இளவயதில் நானாக ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்குக் கொடிக்காலுக்குள் போனால் பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவது. அதற்குத் தோதாகத் தண்ணீரும் குடிப்பதில்லை. போகும்போது ஒரு டீ, வந்த பிறகு ஒரு டீ. லட்சுமித் தாயார் குடியிருக்கும் இடத்தில் ஐந்து மணி நேரம் உடம்பைக் கட்டி வைப்பது ஒரு விரதம் மாதிரி எனக்குப் பெருமையாக இருந்தது. யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை.

வெற்றிலை அடுக்கும் பெண்கள் அப்படி இல்லை. எட்டரை மணிக்கு ஒரு தடவை, பத்தரைக்கு ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து எழுந்து வெளியே போய்வருவார்கள். என் வீட்டுக்காரியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஏணி மேலிருந்து, மாநாடு கிளம்பிவிட்டது பாருங்கள் என்று நான்தான் முதலில் கிண்டல் செய்வேன். ஒரு நாள் அவள் நடந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள்.

“நாங்க தெறந்து பூட்டறோமுங்க. நீங்க பூட்டியே வெச்சுச் சாவியத் தொலச்சுப் போடாதீங்க.”

கீழே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பேச்சு எத்தனை சரி என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது.

ஒரு சித்திரை மாதம் அது ஆரம்பித்தது. ஒன்றுக்குப் போய் முடித்த பிறகு, மிளகாய் விதை ஒன்று வழியில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு எரிச்சல். கொஞ்ச நேரத்தில் மறுபடி போக வேண்டும் போல இருக்கும். போனால் நாலு சொட்டு. தொப்புளுக்குக் கீழே ஒரு பாரம்; போனால் இறங்கும், பத்து நிமிடத்தில் திரும்ப ஏறும். சில நாள் ஒன்றுமே இருக்காது. சரியாகிவிட்டது என்று சாமிக்கு ஒரு கற்பூரம் ஏற்றுவேன். மறுநாள் பழையபடி வந்து உட்காரும்.

இதனால் எனக்கு வந்த பெரிய இழப்பைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனியில் நோன்பு சாட்டித் திருவிழா நடத்துவார்கள். காப்புக் கட்டியவர்கள் காவிரியில் குளித்து, ஈரத் துணியோடு, வேப்பிலை சொருகிய தீர்த்தக்குடத்தைத் தலையில் வைத்துக் கோயில் வரை நடக்க வேண்டும். மேளத்தோடு நடந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆற்றில் எடுத்த குடம் வழியில் மண்ணில் படக்கூடாது. கல்யாணமான வருடத்திலிருந்து நானும் அவளும் சேர்ந்து எடுப்போம், முன்னால் அவள், பின்னால் நான். தார் ரோட்டின் சூடு தெரியாமல் இருக்க, வழியெங்கும் வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றுவார்கள். அது புண்ணியம். ஆனால் நோவு வந்த பிறகு, குடம் தலையில் இருக்கும்போது காலில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நோவு வந்த மறு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ போய்ச் சேர்ந்தேன். கோயில் வாசலில் வேட்டி நனைந்துவிட்டது. எல்லோர் வேட்டியும் ஈரம்தான், யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அம்மனுக்கும் தெரியும்.

அடுத்த இரண்டு வருடமும் நான் குடம் எடுக்கவில்லை. ஒரு வருடம் முழங்கால் வலி என்றேன், மறு வருடம் தலைசுற்றல் என்றேன். அவள் தனியாக நடந்தாள். என் குடம் அடுக்களைப் பரணில் கவிழ்ந்து கிடந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. இனிமேல் அந்த அம்மனுக்கு முன்னால் அவளோடு சேர்ந்து குடம் இறக்குவேனா என்பதுதான் என் கவலையெல்லாம். எரிச்சல்கூடப் பிறகுதான்.

நோவு வந்ததிலிருந்து செய்யாத வைத்தியம் இல்லை. எங்கள் பக்கம் இதற்கு ஒரே பேர்தான், சூடு. யாரிடம் ஜாடையாகக் கேட்டாலும் உடம்பு சூடு என்பார்கள். கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினால் கடுப்பு நிற்கும் என்றார்கள். கடுப்பு வந்தால் ஒரு தடவை தடவுவதுதான் வழக்கமாம். என்னிடம் வந்து சேர்ந்தபோது அது தினம் மூன்று வேளை ஆகியிருந்தது. நகக்கண் வெந்து புண்ணானதுதான் மிச்சம். எலுமிச்சை குளிர்ச்சி என்று தினம் நாலு பழம் பிழிந்து குடித்தேன். குடிக்கக் குடிக்க எரிச்சல் கூடியது. சூடு இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று ஐந்தாவது பழம் பிழிந்தேன்.

ஒரு நாள் பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். கடைக்காரர் கவுண்டருக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. தப்புத் தண்டாவுக்கு எங்கீங்காச்சும் போனீங்களா?”

காது இரண்டும் சுட்டது. இல்லை என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். முதல் தடவை கொஞ்சம் கேட்ட மாதிரி இருந்தது. அதிலிருந்து வரும்போதெல்லாம் அதையே வாங்கிப் போட்டேன், வேறு வேறு கடையில். டாக்டரிடம் போனால் அவரும் அதே கேள்வியைக் கேட்பார், அது எப்படியாவது வீட்டுக்காரி காதுக்குப் போகும் என்று பயம். கட்டின பெண்ணைத் தவிர வேறு நினைப்பில்லாதவன் நான். அதை எந்தப் பரிசோதனையில் காட்டுவது?

மாத்திரையைச் சாமி அலமாரியில் விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவளுக்குத் தெரியாமல் வைக்க வேண்டும் என்று நினைத்தவன், வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் துடைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்ததை என்னவென்று சொல்வது. ஒரு ஐப்பசி வெள்ளிக்கிழமை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இது எதற்கு என்று கேட்டாள். இடுப்பு வலிக்கு என்றேன்.

“இடுப்பு வலிக்காரருக்கு நகத்துல எதுக்குங்க சுண்ணாம்பு?”

 அவள் கீழே உட்கார்ந்தாள். முழங்கால் வலி என்ற வருடம் நான் ஏணி ஏறியதையும், கரூர் பஸ்ஸில் போகாமல் வண்டியிலேயே போவதையும், சொந்தக்காரர் கல்யாணத்தில் கடைசி வரிசையில் வாசலோரம் உட்காருவதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் பார்த்திருக்கிறாள். ஏதோ பெரிய வியாதி, வாய்விட்டுக் கேட்டால் நிஜமாகிவிடும் என்று பயந்து பேசாமல் இருந்திருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மருந்துக்கடைக்காரர் கேட்டதையும் சேர்த்து. அதற்கு மட்டும் சிரித்தாள்.

“உங்குளுக்கு ஒன்னுக்குப் போறதுக்கே நேரமில்ல. அதுக்கெல்லாம் எப்பப் போவீங்களாமா?”

நாலு வருடம் நெஞ்சில் கிடந்த கல்லை அவள் ஒரு வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை என்னை நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே சிறுநீர் சம்பந்தமான டாக்டர் ஒருவர். என் வயதுக்காரர். வெட்கப்படும்படி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை எல்லோரிடமும் கேட்பதுபோல் நேராகக் கேட்டார். மூத்திரத்தில் ரத்தம் வந்ததா, காய்ச்சல் வந்ததா, ஒரேயடியாக நின்று போனதா என்று முதலில் விசாரித்தார். மூன்றும் இல்லை. மூத்திரத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை, ஸ்கேன், வயதான ஆண்களுக்கு வீங்குகிற சுரப்பி எல்லாம் பார்த்தார்கள். கிருமி இல்லை, கல் இல்லை, சர்க்கரை இல்லை, சுரப்பி வயதுக்குத் தக்கபடி இருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டியவன்தான், ஆனால் எனக்கு அப்போது ஒரு கேள்விதான் வந்தது. ஒன்றுமே இல்லை என்றால் எரிவது எது? அதை அப்படியே கேட்டேன். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குக் கேள்வி பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதல் தடவை கிருமி இருந்திருக்கலாம், அது போய் நாளாகிவிட்டது என்றார். ஆனால் மூத்திரப்பைக்குள் இருக்கிற நரம்பு பயந்துபோய்க் கிடக்கிறது. காவலுக்கு வைத்த நாய் திருடனைப் பார்த்துக் குரைத்தது சரி. இப்போது இலை விழுந்தாலும் குரைக்கப் பழகிவிட்டது. திருடன் இல்லாத வீட்டில் திருடனைச் சுடுகிற மாத்திரையைப் போட்டுப் போட்டு, நல்லது செய்கிற கிருமியைத்தான் கொன்றிருக்கிறீர்கள் என்றார். பிறகு பரிசோதனை செய்யும்போது ஒன்றைக் காட்டினார். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். பையைத் தாங்குகிற அடிச்சதை ஒன்று இருக்கிறதாம். அது போகும்போது தளர வேண்டும். எனக்கு அது எந்நேரமும் இறுகியே இருக்கிறது.

“பல்லக் கடிக்கற மாதிரி, நீங்க அடியில கடிச்சுக்கிட்டே இருக்கீங்க. எத்தன வருசமா?”

வாசல் பக்கம் நின்றிருந்த என் வீட்டுக்காரி, சாவியைத் தொலைத்துவிட்டார் என்று மெல்லச் சொன்னாள். டாக்டருக்குப் புரியவில்லை.

இரண்டு மாதம் சாப்பிட ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன் பேரை இங்கே எழுதவில்லை. எனக்கு ஒத்தது உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. மாத்திரையைவிட முக்கியம் என்று அவர் சொன்னது ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எத்தனை மணிக்கு எவ்வளவு போனேன், வலி பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். அளந்து எழுத வேண்டும். கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கு ஒன்று வாங்கினோம். தெரியாமல் அடுக்களைக்குப் போய்விடக் கூடாதே என்று அவள் அதன் கைப்பிடியில் வாழைநார் கட்டிவிட்டாள்.

படிப்பு எட்டாவதோடு நின்றவனுக்கு அந்த நோட்டு மறுபடி பள்ளிக்கூடம் போன மாதிரி இருந்தது. முதல் நாளே பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை டம்ளர்கூட இல்லை. முழுதாக நிறைந்து வெடிக்கப் போகிறது என்று ஓடிப் போய்ப் பார்த்தால், ஜக்கில் காபி டம்ளரின் அடிப்பாகம் நிறைகிற அளவுதான் இருக்கும். என் உடம்பு என்னிடம் பொய் சொல்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கோபம் வரவில்லை. இது இன்னும் என்னென்ன சொல்லும், எப்போது சொல்லும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

நோட்டில் வினோதங்கள் சேர்ந்தன. வண்டி எங்கள் தெருவில் திரும்பினால் அவசரம் வருகிறது. கேட்டுக் கொக்கியில் கை வைத்தால் தாங்க முடியவில்லை. அதே வண்டியில் அதே நேரம் வேலூர் கடைவீதியில் நின்றால் வருவதில்லை. வாய்க்காலில் வாளி விழும் சத்தம் கேட்டால் வருகிறது. காது கேட்பதற்கும் கீழே இருக்கிற பைக்கும் என்ன சம்பந்தம்? டாக்டரிடம் கேட்டதற்கு, வீடு வந்தால் போகலாம் என்று பைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான், வேறு பாடமும் சொல்லிக் கொடுக்கலாம் என்றார்.

சாப்பாட்டில் எது கடிக்கிறது என்று கண்டுபிடிக்க, இரண்டு வாரம் டீ, எலுமிச்சை, புளி, பச்சைமிளகாய் நாலையும் நிறுத்தினோம். பிறகு மூன்று நாளைக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்தோம். அந்த இரண்டு வாரக் குழம்பைத் தின்றுவிட்டு, இது குழம்பா கை கழுவின தண்ணீரா என்று கேட்டேன். அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். முடிவு என்ன தெரியுமா? நான் எதிரி என்று நினைத்த மிளகாய் ஒன்றும் செய்யவில்லை. புளி அளவாக இருந்தால் பரவாயில்லை. எலுமிச்சை சேர்த்த அன்று வலி பத்துக்கு எட்டு. குளிர்ச்சி என்று நாலு வருடம் நான் குடித்ததுதான் எரித்திருக்கிறது. டீயும் அப்படியே, ஒன்று என்றால் தாங்கியது, இரண்டாவது தாங்கவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது, ஒவ்வொருவர் பையும் ஒவ்வொரு மாதிரி என்றார் டாக்டர். ஆகவே எலுமிச்சையைக் குற்றம் சொல்லாதீர்கள். என் எலுமிச்சையை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்காமல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் என்று பிரித்துக் குடித்தேன். அவசரம் வந்தால் உடனே ஓடாமல், நின்று, வயிறு தளர மூச்சு விட்டு, ஐந்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும். எனக்குக் குழப்பமாகிவிட்டது. அடக்கித்தானே இந்த வினை வந்தது, மறுபடி அடக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். இறுக்கிப் பிடிப்பது வேறு, தளர விட்டுக் காத்திருப்பது வேறு என்றார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆனது. எப்போதெல்லாம் இறுக்குகிறேன் என்று கவனித்தேன். ஏணியில் ஏறும்போது. போன் அடிக்கும்போது. சொன்னால் சிரிப்பீர்கள், விளக்குக்கு முன்னால் கண்ணை மூடிக் கும்பிடும்போது. பக்தி என்று நான் நினைத்திருந்ததில் பாதி அடிச்சதையின் இறுக்கம்தான். தளர்ந்து நின்று கும்பிடக் கற்றுக்கொண்டேன். அதிலும் சாமி தெரிந்தது.

கொடிக்காலிலும் மாறினேன். எட்டரைக்குப் பெண்கள் எழுந்தால் நானும் ஏணியிலிருந்து இறங்கி எதிர்ப்பக்க வரப்பில் போய்வந்தேன். முதல் நாள் ஒரு பெண்பிள்ளை எல்லோரும் கேட்கும்படி, மாநாட்டுக்கு ஆம்பளைப் பிரதிநிதியும் வந்துவிட்டார் என்று அறிவித்தாள். பட வேண்டியதுதான், பட்டேன். அந்த இடத்தின் புனிதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. உள்ளே ஒன்றுக்குப் போகக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. வெளியே போகக்கூடாது என்பது நானாகச் சேர்த்தது.

மாசி முடியும்போது நோட்டில் நாளைக்கு எட்டு ஒன்பது தடவை, வலி பத்துக்கு இரண்டு மூன்று. ஒரு வாரம் காரணமே தெரியாமல் ஏழுக்கு ஏறி மறுபடி இறங்கியது. ஒரு தடவை போனால் அடுத்து ஒன்றே முக்கால் மணி நேரம் தாங்கினேன். குடத்தோடு நடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல். கணக்கு ஒத்து வரவில்லை. அவள் பரணிலிருந்து என் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வாசலில் கவிழ்த்து வைத்தாள். கேட்காமல் வைத்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

பூசாரியிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். பூசை இல்லாத நேரம் ரோட்டோரம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒரு போனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, வழியில் ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வது, அது தீட்டா என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

“கொடம் மண்ணுல படக் கூடாது. அவ்வளவுதானுங்க கட்டுப்பாடு. தல மாறுனா என்ன? கூட ஒரு காப்புக் கட்டுன ஆள வெச்சுக்கங்க. போய்ட்டு வந்து, கைகால் அலம்பி, தலைல தண்ணி தெளிச்சுக்கிட்டு வாங்கிக்கங்க.”

எனக்காகச் சலுகையா, எல்லோருக்கும் உண்டா என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கப்பன் சர்க்கரைக்காரரு. வருசா வருசம் ரெண்டு தடவ தல மாத்தித்தான் வாராரு. ஆத்தா குடுத்த ஒடம்புங்க, ஆத்தாளுக்குத் தெரியாதா?”

எத்தனை வருடம் அந்த மனிதருக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். ஒரு நாளாவது கவனித்தேனா? என் கவனமெல்லாம் என் குடத்தின் மேல்தான், அடுத்தவர் தலையைப் பார்க்கவில்லை.

காப்புக் கட்டிய பங்காளி ஒருவன், தனியாகக் குடம் எடுக்காமல், என் கூட நடக்க ஒத்துக்கொண்டான். எனக்கு அண்ணன் முறை, ஆனால் ஒரே வயது. அன்று காலை ஆற்றில் குளித்துக் குடத்தை நிரப்பித் தலையில் ஏற்றியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் நடந்தாள். முதல் வீட்டிலேயே ஒரு சின்னப் பெண் பெரிய சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். உடனே வந்தது அவசரம். இலை விழுந்ததற்குக் குரைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வயிற்றைத் தளர விட்டு, பாதத்தில் தண்ணீர் ஓடுவதை மட்டும் கவனித்து நடந்தேன். நாலு வீடு தாண்டுவதற்குள் அது போன இடம் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலிலும் வந்தது, போனது. எத்தனை வாசலில் வந்துபோனது என்று எண்ணுகிற வேடிக்கையில் பாதி வழி கடந்துவிட்டது.

வாழைத் தோட்டம் தாண்டியபோது வந்தது வேறு. அது நிஜமான நிறைவு. இப்போது எனக்கு அடையாளம் தெரியும். பங்காளியைப் பார்த்தேன். அவன் நெருங்கி வந்து தலையைக் கொடுத்தான். குடம் என் தலையிலிருந்து அவன் தலைக்குப் போனது, ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் தோட்டத்து வேலிக்கு அப்பால் போய், நிதானமாக இருந்து, பம்புசெட்டுத் தொட்டியில் கைகால் கழுவித் தலையில் தெளித்துக்கொண்டு ஓடி வந்தேன். கூட்டம் ரொம்பத் தூரம் போயிருக்கும் என்று நினைத்தேன். போகவில்லை. அவள் குடத்தோடு அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவளைத் தாண்டி முன்னால் போய்விட்டார்கள். அவளும் பங்காளியும் மட்டும் கடைசியில்.

“புண்ணியத்துல பாதி எனக்கு, பங்காளி” என்று சொல்லி அவன் குடத்தை மாற்றினான்.

கோயிலில் அவள் குடத்துக்குப் பின்னால் என் குடமும் இறங்கியது. அம்மன் தலையில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கும்பிடும்போது இறுக்கவில்லை.

இதோடு முடித்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் எழுத வேண்டிய காரணம் இதற்கப்புறம்தான் இருக்கிறது. சாமி கும்பிட்டுத் திரும்பும்போது பங்காளி என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டான். அவனுக்கும் அதே எரிச்சலாம், ஆறு மாதமாக. நான் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டான். எனக்குப் பெருமை பிடித்துக்கொண்டது. டீயைக் குறை, தண்ணீரைப் பிரித்துக் குடி, தளர விடு, கிருமி எல்லாம் ஒன்றும் இல்லை, வெறும் நரம்புதான் என்று சொல்லி அனுப்பினேன். என்னை முதலில் என்னென்ன பரிசோதித்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. ரத்தம் வந்ததா என்று டாக்டர் முதல் கேள்வியாகக் கேட்டதையும் சொல்லவில்லை. எனக்கு வராததால் அது என் மனதில் நிற்கவே இல்லை.

அவன் இரண்டு மாதம் நான் சொன்னபடி இருந்தான். இடையில் இரண்டு தடவை மூத்திரம் சிவப்பாகப் போயிருக்கிறது. சூடு என்று இருந்துவிட்டான். பிறகு காய்ச்சலில் விழுந்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். கல் அடைத்திருந்தது. எடுத்தார்கள், பிழைத்தான், இன்றைக்கும் நன்றாக இருக்கிறான். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது கோபமே இல்லாமல் சொன்னான்.

“நீ சொன்னதத்தான் செஞ்சேன் பங்காளி.”

தலைவலி மாதிரி அந்த ஒரு வரி இன்னும் எனக்கு இருக்கிறது. சுண்ணாம்பை ஒரு வேளையிலிருந்து மூன்று வேளையாக்கி என்னிடம் சேர்த்தவர்களைக் குறை சொன்னேனே, நான் என்ன செய்தேன்?

அதனால்தான் அவனிடம் கேட்டு, அவன் சம்மதத்தோடு, பேர் போடாமல் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. வருடத்தில் சில வாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நோட்டு நாலாவது நடக்கிறது. ஜக்கில் கட்டிய வாழைநார் அறுந்து அவள் புதிது கட்டியிருக்கிறாள். குடம் வருடம் தவறவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது ஜாடையாக இதைப் பற்றிக் கேட்டால் இதைக் கொடுங்கள். ஆனால் இப்படியே கொடுங்கள். டீயை நிறுத்து என்பதை மட்டும் பிரித்துச் சொல்லாதீர்கள். முதலில் டாக்டரிடம் போய்க் கிருமி, கல், சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும், சிவப்பாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே போக வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் அனுபவம் ஒன்று இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், இதில் சேர்க்காதீர்கள். அன்றைக்கு வாழைத் தோட்டத்துப் பக்கத்தில் பங்காளி என் குடத்தை வாங்கிய மாதிரி வாங்கி, அதே தண்ணீரை அடுத்த தலைக்கு மாற்றிவிடுங்கள்.